திங்களும் புதனும்

தங்கச்சிமடம்

பாப்பா,

நேற்று போனில் நீ அழுததில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பேரன் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான், டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், கோபத்தில் இரண்டு போட்டேன் என்றாய். அந்த 'இரண்டு போட்டேன்' மட்டும் நன்றாகக் கேட்டது.

2006இல் நீ ஆறாம் வகுப்பு. அதற்கு முந்தின கார்த்திகையில் எங்கள் போட்டு இன்ஜின் நின்றுபோய், இரண்டு ராத்திரி கடலில் கிடந்து கரை சேர்ந்தோம். அதற்கப்புறம்தான் உனக்கு வலி வந்தது. பூச்சி மருந்து கொடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம், அம்மா ஓரியூர் அருளானந்தர் கோயில் சிவப்பு மண்ணைக் கரைத்து வயிற்றில் பூசினாள். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் வலியைக் காணோம். அப்போது தடை 45 நாள், பள்ளி விடுமுறையும் அதே சமயம். "லீவு விட்டதும் சரியாயிட்டா பாரு, எல்லாம் நடிப்பு" என்றேன். ஜூனில் மறுபடி வந்தபோது கயிற்றை எடுத்தேன். உன் காலில் விழுந்த தடத்தை அம்மா ஒரு வாரம் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆவணியில் வேலைநிறுத்தம். பன்னிரண்டு நாள் ஒரு போட்டும் தொழிலுக்குப் போகவில்லை. நீ ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் போனாய். அம்மாதான் கண்டுபிடித்தாள்: உனக்கு வலித்ததெல்லாம் திங்களும் புதனும். நான் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற நாள். சனிக்கிழமையும் வலித்திருக்கும், பள்ளிக்கூடம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் உன் டீச்சர். அவரிடம் சண்டைக்குப் போனேன். நம் பக்கத்தில் அப்படிச் சொன்னாலே ஏர்வாடிதான் கண்முன் வரும். 2001 ஆகஸ்டில் அங்கே சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப்போனதை யார் மறந்தார்கள்? கடைசியில் மதுரைக்குப் போனோம். சங்கிலியும் இல்லை, ஊசியும் இல்லை. அந்த டாக்டரம்மா உன்னைப் படம் வரையச் சொன்னார். "நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் வயிற்றில்தான் தெரியும்" என்றார். அதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், அரை நாளாவது அனுப்புங்கள், நாள் ஆக ஆகப் போவது இன்னும் கஷ்டம் என்றார். கடலுக்குப் போகும் முன் எப்போது கரைக்கு வருவேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போகவும் சொன்னார். உனக்கு வலி சரியாவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

பேரனுக்கும் இதே கதைதான் என்று சொல்லவில்லை. வகுப்பில் எவனாவது அடிக்கிறானோ, எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லையோ. வலிக்கிற நாளைக் காலண்டரில் குறித்து வை. 14416க்குப் போன் பண்ணு, அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அன்றைக்கு எனக்கு அது இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தாத்தா வந்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லி வை.

அப்பா