தேவ சித்தம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் நீண்ட மெசேஜை இரண்டு தடவை படித்தேன். கிடைத்திருக்கிற வேலையில் சேர்வதா, மேலே படிப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறாய். மூன்று நாள் உபவாசம் இருந்தும் பதில் வரவில்லை என்கிறாய். "தப்பாக ஒரு அடி வைத்துவிட்டால் ஆண்டவர் எனக்கென்று வைத்திருக்கிற திட்டமே கைநழுவிப் போய்விடுமோ அக்கா?" என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால், உன் சம்மதத்தோடு பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பயத்தோடு நானும் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்தான். ஒரு நாள் ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். 1 நாளாகமம் முதல் அதிகாரம். "அர்பக்சாத் சாலாவைப் பெற்றான், சாலா ஏபேரைப் பெற்றான்." என்ன வேலைக்குப் போவது என்று கேட்டவளுக்கு வந்த பதில் அது! மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டுத்தோலைப் போட்டு, அதன்மேல் பனி பெய்கிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனை நீ சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை மேலிருந்து படித்துப் பார். "உன்னை அனுப்புகிறவர் நான் அல்லவா" என்று 14ஆம் வசனத்திலேயே சொல்லியாகிவிட்டது. தோல் வருவது அதற்கு வெகுநேரம் கழித்து. தேவ சித்தம் தெரியாததால் அவர் தோலைப் போடவில்லை, தெரிந்தும் துணிச்சல் வராததால் போட்டார். கர்த்தர் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த எரேமியா 29:11. உன் போன் திரையிலும் அதுதான் இருக்கிறது, என் மேஜையிலும் ஒரு காலத்தில் இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி என்பதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜா எகொனியாவைப் பிடித்துக்கொண்டு போனபோது, தச்சர்களையும் கொல்லர்களையும் சேர்த்துத்தான் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அனனியா என்ற தீர்க்கதரிசியோ, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்லியிருந்தார். கேட்க எவ்வளவு இனிப்பு! எரேமியாவின் கடிதத்தில், 10ஆம் வசனத்தில், ஊர் திரும்புவதற்கு இருந்த கணக்கு 70 வருஷம்.

முப்பது வயதுத் தச்சன் ஒருவன் அந்தக் கடிதம் வாசிக்கப்படும்போது கூட்டத்தில் நின்றிருந்தான் என்று வைத்துக்கொள். கூட்டிப்பார்க்க அவனுக்குத் தெரியாதா என்ன? தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அங்கேயே புரிந்திருக்கும். நமக்கு மனப்பாடமான அந்த வாக்குத்தத்தம் நிறைவேறுவதை அவன் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அப்படியானால் அவன் வாழ்க்கைக்கு நோக்கமே இல்லையா? அவனுக்கென்று இருந்தது 5ஆம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." அதற்கு இரண்டு வசனம் தள்ளி, தன்னைச் சிறைபிடித்து வைத்திருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. வீடு, தோட்டம், கல்யாணம், பிள்ளைகள், பிடிக்காத ஊருக்காக ஒரு ஜெபம். தேவன் அந்த மனிதனுக்கு வைத்திருந்த திட்டம் முழுவதும் அதுதான். தரிசனம் மாதிரியே இல்லை, இல்லையா? நாம் 11ஐச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு 5ஐயும் 10ஐயும் விட்டுவிட்டோம்.

தப்பான அடி பற்றி ஒன்று. அப்போஸ்தலர் 16இல் பவுல் ஆசியாவில் (அன்று அது ஒரு ரோம மாகாணத்தின் பெயர், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பிரசங்கிக்கப் பார்க்கிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் நடக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார், துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ராத்திரியில் தரிசனம். அதில் கூப்பிட்டது ஒரு மக்கெதோனியா மனுஷன். போய்ச் சேர்ந்தால், பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் இருந்தது பெண்களின் கூட்டம். அங்கே முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் எந்த ஊர் தெரியுமா? தியத்தீரா. அது ஆசியாவில் இருக்கிறது! எந்த மாகாணத்தில் பேசக்கூடாது என்று தடை வந்ததோ, அந்த ஊர்க்காரி கடல் தாண்டி இவருக்காக உட்கார்ந்திருக்கிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம்முடைய ஒரு தப்பான அடியில் கெட்டுப்போகிற அளவுக்கு நொய்ந்த திட்டம் போடுகிறவரா அவர்?

என் அந்த இரண்டு வருஷத்துக்கு வருகிறேன். வேதாகமக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டேன், கிடைக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் சபையில் பார்வை மங்கிப்போன ஒரு பாட்டிக்குச் சாயங்காலங்களில் சங்கீதம் வாசித்துக் காட்டுவேன். வேறு யாரும் சும்மா இல்லாததால் என் தலையில் விழுந்த வேலை. கண்ணை மூடிப் படுத்திருப்பார். 31ஆம் சங்கீதத்தில் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் போர்வைக்கு மேல் இருந்த ஆள்காட்டி விரல் லேசாக எழும். "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது, அது எங்கே போச்சு?" திரும்பிப் போய் வாசிப்பேன். கடிகாரத்தைப் பார்த்தபடிதான். சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தேவ சித்தத்துக்காக ஜெபிக்க வேண்டுமே!

அந்த நாற்காலியிலிருந்து என் ஊழியம் பிறந்தது என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி எதுவும் இல்லை. அவர் இறந்துபோனார், நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் தேவ சித்தத்தை நான் செய்தது என்றால் அந்த நாற்காலியில் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எந்த வேலை என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மூன்றில் எதுவுமே பாவம் இல்லை. உன் கையிருப்பு, உன் திறமை, வீட்டில் உன்னை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் ஜெபத்தோடு வைத்து யோசி. உன்னை நன்றாகத் தெரிந்த போதகரிடமும் பேசு. புத்தியும் அவர் கொடுத்ததுதான்.

கடைசியாக, நீ இத்தனை நீளமாக எழுதிய மெசேஜில் நடுவே ஒரு வரி வருகிறது: "சின்னவளோடு பேசி எட்டு மாசம் ஆகுது, அது வேற விஷயம்." அது வேறு விஷயம் இல்லைம்மா. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இயேசு சொன்னதற்கு ஆட்டுத்தோலும் வேண்டாம், உபவாசமும் வேண்டாம். முதலில் அவளுக்குப் போன் போடு. எடுக்காவிட்டால் மறுபடியும் போடு. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. வேலை விஷயத்தை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா