பொதுப் பூங்காவில் மர மண்டபம் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பூங்காக்களைப் பராமரிக்கும் குழுவினருக்கும், அங்கே மண்டபம் வடிவமைக்க முன்வரும் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு திறந்த மண்டபம் வேண்டும், அது சுற்றுச்சூழலை அதிகம் பாதிக்கக் கூடாது, ஆகவே மரத்தில் கட்டலாம் என்று நீங்கள் முடிவெடுக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. மரக் கட்டுமானங்களை வடிவமைப்பது என் தொழில். ஆனால் திட்டக் குறிப்பில் 'மரம்' என்று எழுதிவிட்டால் மட்டும் பாதிப்பு குறைந்துவிடாது. இப்படிப்பட்ட சின்ன மண்டபத்தால் பூங்காவுக்கு வரும் கெடுதலில் பெரும்பங்கு தரைக்குக் கீழேயும், வேலை நடக்கும் அந்தச் சில வாரங்களிலும்தான் நேர்கிறது. அதனால் வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, கண்ணைப் பறிக்கும் முகப்புப் படத்துக்கு முன்னால் கடைக்கால் (அஸ்திவார) வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். என் கோரிக்கை இதுதான்.

மரத்துக்குரிய பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம், அதாவது கார்பன். ஒரு கன மீட்டர் மரம் உலர்ந்த நிலையில் 500 கிலோ என்றால், அதில் 250 கிலோ கரிமம் இருக்கிறது. அதாவது, மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட 900 கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு. மண்டபம் நிற்கும்வரை அது அங்கேயே இருக்கும். அதே மண்டபத்தைத் தாங்க லாரி லாரியாகக் கான்கிரீட் கொட்டினால் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி போய்விடும். உலகில் மனிதர்களால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் வரை சிமென்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேர்கள். மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் இறங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான மரங்களில் அப்படி இல்லை. வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல் மண்ணில், ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைகள் விரியும் எல்லையையும் தாண்டிப் பரவிக் கிடக்கும். பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலை இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது: அடிமரத்தின் விட்டத்தை 12ஆல் பெருக்கினால், தொடாமல் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு அது 7.2 மீட்டர். நிழல் நன்றாக இருக்கிறதே என்று மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேதான் வரும்! அங்கே வழக்கமான கடைக்காலுக்குப் பள்ளம் தோண்டினால் என்ன ஆகும்? மரம் உடனே பட்டுப்போகாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். அதற்குள் திறப்பு விழாவெல்லாம் முடிந்து, மண்டபத்தையும் காய்கிற மரத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது. ஸ்க்ரூ பைல் எனப்படும் இரும்புத் திருகுக் கால்களைப் பள்ளம் தோண்டாமலே மண்ணுக்குள் திருகி இறக்கலாம். தேவை தீர்ந்ததும் திருகி எடுத்தும்விடலாம். இறக்கும் முன் ஒவ்வொரு புள்ளியிலும் கையால் மெல்லக் கிளறிப் பார்த்து, தடித்த வேர் இருந்தால் காலைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். இப்படித் தள்ளிப் போட இடம் தருகிற வடிவமைப்பாக இருப்பது முக்கியம். தூண்கள் இம்மி பிசகாத கட்டத்தில் நின்றே தீர வேண்டும் என்று வரைந்துவிட்டால், களத்தில் வேரைத்தான் வெட்டுவார்கள். தூண்களுக்குக் கீழே படுக்கையாகப் போடும் அடி உத்திரத்தின் மேல் தூண் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உத்திரத்தைத் தாங்கும் கால் இரண்டு சாண் நகரலாம் என்று முதலிலேயே வடிவமைத்துவிட்டால் தகராறே இல்லை.

"லேசான மண்டபம், காற்று தூக்கிவிடும், எடைக்குக் கான்கிரீட் வேண்டும்" என்று பொறியாளர் சொல்லக்கூடும். அவர் சொல்லும் ஆபத்து உண்மையானது. நாலு பக்கமும் திறந்த லேசான கூரையில், கீழே அழுத்தும் சுமையைவிட மேலே இழுக்கும் காற்றுதான் பல நேரம் பெரிய பிரச்சினை. ஆனால் திருகுக் காலின் தண்டைச் சுற்றியிருக்கும் இறக்கைத் தகடு அதன் மேலிருக்கும் மண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த இழுப்பையும் தாங்கும். அந்த இடத்து மண்ணைச் சோதித்து, எத்தனை கால், எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் வாகனங்கள். கனரக வண்டி ஈர மண்ணில் முதல் சில தடவை ஏறி இறங்குவதிலேயே மண் இறுகுவதில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்காது, வேர் மூச்சு முட்டும். ஆகவே நாலு பேர் கையால் தூக்கக்கூடிய துண்டுகளாகவே மண்டபம் வரட்டும், கிரேன் தேவைப்படாதபடி வடிவமைக்கட்டும். வேலையாட்கள் நடக்கும் வழியில் பலகை விரிக்கட்டும். சின்னத் துண்டுகளால் பெரிய கூரை முடியாது என்று யாராவது சொன்னால் மான்ஹைமைக் காட்டுங்கள். ஜெர்மனியின் அந்த நகரில் 1975ஆம் ஆண்டுத் தோட்டக் கண்காட்சிக்காக, கட்டடக் கலைஞர்களான கார்ல்ஃப்ரீட் முட்ஷ்லரும் ஃப்ரை ஓட்டோவும் 5 செ.மீ. சதுர மரச்சட்டங்களை வலைபோலப் பின்னி ஒரு பெரிய மண்டபத்தையே எழுப்பினார்கள். தற்காலிகம் என்று கட்டிய அது பழுதுகளைத் தாண்டி இன்றும் இருக்கிறது. 2019இல் அதே நாட்டின் ஹைல்ப்ரான் நகரத் தோட்டக் கண்காட்சிக்கு ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார் கட்டிய மர மண்டபம் 376 தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்து 30 மீட்டர் அகலத்துக்கு விரிந்து நின்றது. கழற்றி வேறிடத்தில் பூட்டும்படியாகவே அதை வடிவமைத்திருந்தார்கள். உங்களுக்கு அத்தனை பெரிய கூரை தேவையே இல்லை.

இனி மரம். எந்த மரம் என்ற கேள்வியில் கூட்டம் கூட்டமாகப் பேசி நேரம் செலவாகும். தண்ணீர் எப்படி வடியும் என்பதை யாரும் கேட்பதில்லை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளர முடியாது. நனைவது தப்பில்லை, காய முடியாமல் கிடப்பதுதான் மரத்தைக் கெடுக்கிறது. நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களைப் பாருங்கள். அங்கே ஆரம்பத்தில் தூண்களை மண்ணுக்குள் புதைத்தார்கள், அடி இற்றுப்போனது. பிறகு கல்லின் மேல் அடி உத்திரம் வைத்து அதன் மேல் தூணை நிறுத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படிக் கட்டிய போர்குண்ட் தேவாலயம் இன்னும் நிற்கிறது.

எனவே தூணின் அடி, தரையில் விழுந்து தெறிக்கும் மழைநீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இறவாரம் நன்றாக வெளியே நீளட்டும். குறுக்கே வெட்டிய முகம்தான் தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சும், அது எங்கேயும் மழைக்குத் திறந்து கிடக்கக் கூடாது. தரைப் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி வேண்டும். அதே இடைவெளியில் சக்கர நாற்காலியின் சின்னச் சக்கரமோ ஊன்றுகோலோ மாட்டிக்கொள்ளவும் கூடாது. கூரை நீரைக் குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்பாதீர்கள். மண்டபம் மறைத்த மண்ணுக்குச் சேர வேண்டிய நீர் அது. ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத வாய்க்கால் வழியாகச் சுற்றியுள்ள செடிகளுக்கே போகட்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் மருந்து அடித்த மரம் பல இடங்களில் தேவைப்படாது. வெளிப்புற மரத்துக்கு நெடுங்காலம் பயன்படுத்திய செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையை வீட்டு உபயோக மரத்துக்குப் போடுவதை 2003 இறுதியோடு அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் கை வைக்கிற, ஒருநாள் யாரோ விறகாக எரிக்கக்கூடிய மரத்தில் அது வேண்டாம். வைரம் பாய்ந்த மரத்தை, முறையாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து சான்றிதழோடு வாங்குங்கள். அருகிலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. சூட்டில் பதப்படுத்திய மரம் தரைக்கும் தடுப்புக்கும் ஏற்றது. ஆனால் அந்தச் சூடு வலிமையைக் குறைக்கிறது என்பதால் உத்திரத்துக்கு வேண்டாம். கரையான் உள்ள இடமென்றால், அடிப்பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி திறந்து இருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் உறுதி தேவைப்படும். வெயிலில் நிற்கும் மரம் ஓரிரு ஆண்டில் சாம்பல் நிறமாகும். மேற்பரப்பில் மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் புற ஊதாக் கதிரில் சிதைவதால் வரும் நிறம் அது, மரம் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. புகார் வரும், வார்னிஷ் அடியுங்கள் என்பார்கள். அடிக்காதீர்கள். வெயிலில் அந்தப் படலம் வெடித்து, வெடிப்பு வழியே இறங்கும் நீர் உள்ளேயே தங்கிவிடும். பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்புப் பலகை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், மக்கள் புரிந்துகொள்வார்கள்.

ஒப்பந்தத்தில் கூடுதலாக இரண்டு ஆவணங்கள் சேருங்கள். ஒன்று, மண்டபத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்று காட்டும் வரைபடம். பசை போட்டு ஒட்டாமல், ஒரு மரத்தின் முனையை மற்றதன் துளையில் செருகும் கழுந்தும் துளையுமாகவோ துருப்பிடிக்காத எஃகு போல்ட்டிலோ மூட்டுகள் இருந்தால்தான் அப்படி ஒன்றை வரையவே முடியும். மற்றொன்று, ஆண்டுதோறும் யார் இலைதழையை அகற்றி, போல்ட்டை முடுக்கி, தூண் அடிகளின் ஈரத்தை அளந்து பார்ப்பது, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. இவை இரண்டும் கையில் வரும்வரை வேலையைத் தொடங்க ஒப்புதல் தராதீர்கள்.

அன்புடன்,
ஒரு மரக் கட்டுமான வடிவமைப்பாளர்