படப் பெயரில் பாடலா, பாடகரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் இசைக்கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களுக்கு, அவர்களது புகழ்பெற்ற பாடலின் தலைப்பையே எடுத்துச் சூட்டிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. ஃபிரெடி மெர்க்குரியைப் பற்றிய படம் 2018இல் 'போஹீமியன் ராப்சடி' என்றும், எல்டன் ஜானைப் பற்றிய படம் 2019இல் 'ராக்கெட்மேன்' என்றும் வந்தன. ரசிகர்களுக்கு உடனே பிடிபடும் என்பது உண்மைதான். ஆனால் பாடலின் புகழ் மனிதரை மறைத்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இளமைக்காலத்தைக் காட்டும் 2024ஆம் ஆண்டுப் படத்துக்கு 'எ கம்ப்ளீட் அன்நோன்' என்று பெயரிட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். 1965இல் வெளியான அவரது 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாடலின் பல்லவியில் வரும் அந்தச் சொற்களுக்கு 'முற்றிலும் அறியப்படாதவர்' என்று பொருள். கிட்டாருடன் நியூயார்க்கில் வந்திறங்கிய, யாருமறியாத இளைஞருக்கும் அது பொருந்துகிறது. உலகமே அறிந்த பின்னும் எவர் பிடிக்கும் அகப்படாத கலைஞருக்கும் பொருந்துகிறது. படம் பார்க்குமுன் ஒரு பொருளும் பார்த்தபின் வேறொரு பொருளும் தரும் இத்தகைய பெயருக்காக, தலைப்போடு நின்றுவிடாமல் பாடல் வரிகளுக்குள்ளும் தேட வேண்டும் என்று திரைத்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர்