குற்றவாளியின் பெயருக்கு முன்னால் மாநிலம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையிலேயே பிறந்து, 68 ஆண்டுகளாக இந்நகரிலேயே வாழ்ந்துவரும் திருநெல்வேலிக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். தங்கள் நாளிதழை நாள்தோறும் வாங்கிப் படிக்கிறேன். கடந்த வாரம் ஒரே பக்கத்தில் வெளியான, தமிழ்நாட்டில் நடந்த இரண்டு குற்றங்களின் செய்திகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சங்கிலிப் பறிப்பு வழக்கில் பிடிபட்ட ஒருவரைப் பற்றிய செய்திக்கு ‘வடமாநில வாலிபர் கைது’ என்று தலைப்பு. அதற்கு நேர்கீழே, முன்விரோதத்தில் ஒருவரை வெட்டிக் கொன்ற வழக்கின் செய்தி. அதன் தலைப்பில் ‘மூவர் கைது’ என்று மட்டுமே இருந்தது. அம்மூவரும் உள்ளூர்க்காரர்கள் என்பதைக் கடைசி வரிவரை படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு செய்திகளிலும் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதே நாளில் வேறொரு பக்கத்தில், வெளிமாநிலத்தார் பெருகிவிட்டதால் நம் பெண்கள் தெருவில் நடமாட முடியவில்லை என்று ஒருவர் தேர்தல் கூட்டத்தில் பேசிய பேச்சு, நான்கு பத்திகளுக்கு மேல் விரிவாக வெளியாகியிருந்தது. அந்தப் பேச்சுக்கு வேண்டிய சான்றுகளைத் தங்கள் குற்றச் செய்திப் பக்கம் அவருக்கு நாள் தவறாமல் சேர்த்துக் கொடுக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இப்படித் தொடங்கிய ஒன்று எங்கே போய் நின்றது என்பதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். 1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ என்ற மராத்தி வார இதழ், பம்பாயின் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உயர்பதவியில் இருந்தவர்களின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டு வந்தது. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். ‘படியுங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள்’ என்ற பொருளில் ‘வாச்சா ஆணி தண்ட பஸா’ என்பது முதலில் அந்தப் பகுதிக்குத் தலைப்பாக இருந்தது. பிறகு அது ‘வாச்சா ஆணி உட்டா’, அதாவது ‘படியுங்கள், எழுந்திருங்கள்’ என்று மாறியது. என் தந்தை ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். அந்தப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு அவருடைய வேலை பெரியதன்று. இருந்தும் பக்கத்து வீட்டு மராத்திக்காரரிடம் அந்த இதழை இரவல் வாங்கி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, பெயர்களின்மீது விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவார். தன் பெயர் அதில் இராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பெயர்வரை பார்த்து முடித்த பிறகுதான் விளக்கை அணைப்பார். வெளியில் போகும்போது வேட்டி கட்டுவதை அவர் நிறுத்தியது அந்த ஆண்டுகளில்தான். மின்ரயிலில் எங்களிடம் தமிழில் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

1966 ஜூன் 19 அன்று அதே தாக்கரேயின் சிவசேனா கட்சி தொடங்கப்பட்டது. ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’, அதாவது ‘ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு’ என்ற முழக்கம் பள்ளிப் பிள்ளைகளின் வாயில்கூடப் புகுந்தது. 1967 பொதுத் தேர்தலில் வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்ற முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன், காங்கிரஸின் எஸ்.ஜி. பர்வேயிடம் தோற்றார். 1962இல் சீனாவிடம் பட்ட தோல்வியின் பழி மேனன்மேல் இருந்தது உண்மை. அதற்காக அவரை எதிர்த்தவர்களும் உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தெருவில் கேட்டதாக எனக்கு நினைவில் நிற்பதோ சீனாவன்று, ‘மதராசி’ என்ற சொல். கேரளத்தில் பிறந்த மேனனும் அவர்களுக்கு மதராசி, தாராவியில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவும் மதராசி.

அந்தப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அதில் இருந்த பெயர்கள் மெய்யானவை என்பதுதான். அந்த அதிகாரிகள் உண்மையில் இருந்தார்கள், அந்தப் பதவிகளையும் வகித்தார்கள். படித்த மராத்தி இளைஞர்கள் பலர் வேலையின்றித் தவித்ததும் உண்மை, அவர்களுடைய ஆற்றாமை நியாயமானது. அப்படியிருந்தும் அந்தப் பட்டியல் ஒரு பெரும் பொய்யைச் சொன்னது. சேர்க்காமல் விட்டவற்றின் மூலம் சொன்னது. தோல் கிடங்குகளிலும் துறைமுகத்திலும் கூலிக்கு உழைத்த தென்னிந்தியர் யாருக்கும் அதில் இடமில்லை. ஆலைகளின் முதலாளிகள் யார் என்பதைப் பற்றிய பட்டியல் வெளியானதாக எனக்கு நினைவில்லை. பம்பாயில் மராத்தித் தொழிலாளி மொத்தமாக வேலை இழந்தது, 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தின்போதும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதும்தான். சுமார் இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்ட அந்தப் போராட்டம் தோற்றதற்கும், வேட்டி கட்டிய ஒரு தட்டச்சருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அமெரிக்காவில் 1988 அதிபர் தேர்தலில் நடந்ததைத் தங்கள் அலுவலகத்தில் உள்ளவர்கள் அறிந்திருப்பார்கள். ஆயினும் இங்கே அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூத்த ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து நின்ற மைக்கேல் டுகாகிஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர். அந்த மாநிலச் சிறையில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினத்தவர், நம் ஊர் பரோலைப் போன்ற வார இறுதி விடுப்பில் 1986 ஜூனில் வெளியே வந்து திரும்பாமல் தப்பினார். 1987 ஏப்ரலில் மேரிலாந்து மாநிலத்தில் வெள்ளையர் ஒருவரைக் கத்தியால் தாக்கி, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். கொடிய குற்றம், முழுக்க உண்மையான குற்றம். புஷ்ஷை ஆதரித்த ஒரு குழு, காவல்துறை எடுத்த அவருடைய படத்தைக் காட்டித் தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. அதில் ‘கறுப்பர்’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. படமே போதுமானதாக இருந்தது. அந்த விடுப்புத் திட்டம் 1972இல் புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஒருவரின் காலத்தில் தொடங்கப்பட்டது என்பதை அது சொல்லவில்லை. விளம்பரத்தில் அவர் பெயர் ‘வில்லி’; தன்னை யாரும் அப்படி அழைத்ததில்லை என்றும், கறுப்பர்களைப் பற்றிய பழைய பிம்பத்துக்குப் பொருந்துவதற்காகவே அந்தப் பெயர் சூட்டப்பட்டது என்றும் ஹார்ட்டன் பிற்பாடு சொன்னார். செய்தி நிகழ்ச்சிகள் அதை எடுத்துப் பேசுகிறோம் என்ற பெயரில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால், விளம்பரம் நேரடியாகச் சென்றடைந்தவர்களைவிடப் பல மடங்கு மக்களிடம் அந்த முகம் போய்ச் சேர்ந்தது. புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய லீ ஆட்வாட்டர், மூளைப் புற்றுநோயால் 1991இல் இறப்பதற்குமுன், டுகாகிஸிடம் தான் காட்டிய கொடூரத்துக்காக அச்சில் மன்னிப்புக் கேட்டார். தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இந்த விளம்பரத்தை ஆராய்ந்த அரசியல் அறிஞர் டாலி மெண்டல்பெர்க், இது இனவெறி என்று கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றவர்கள் வெளிப்படையாகச் சொல்லும்வரைதான் அது முழு வலுவோடு வேலை செய்தது என்றும், வாய்விட்டுச் சொல்லப்பட்ட பிறகு அதன் பிடி தளர்ந்தது என்றும் வாதிட்டார். தலைப்பில் ஒட்டிக்கொண்டு வரும் ‘வடமாநில’ என்ற அடைமொழியும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று எண்ணுகிறேன். அது யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, வாதம் எதையும் முன்வைப்பதில்லை. அதனாலேயே அதற்கு மறுப்பு எழுத ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பத்திரிகையே முன்னின்று நடத்திய பிரசாரங்களும் உண்டு. 1890களில் வட கரோலினாவில் ஏழை வெள்ளை உழவர்களின் கட்சியும் கறுப்பர்கள் வாக்களித்துவந்த கட்சியும் கூட்டணி அமைத்து ஆட்சியைப் பிடித்தன. அதை உடைப்பதற்கு, ஜோசஃபஸ் டேனியல்ஸ் நடத்திய ‘நியூஸ் அண்ட் அப்சர்வர்’ நாளிதழ், வெள்ளைப் பெண்களுக்குக் கறுப்பர்களால் ஆபத்து என்ற செய்திகளையும் கருத்துப்படங்களையும் 1898 தேர்தல் முடியும்வரை வெளியிட்டது. தேர்தல் நடந்து இரண்டே நாளில், நவம்பர் 10 அன்று, வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய கும்பல் கறுப்பர்களின் நாளிதழ் அலுவலகத்துக்குத் தீ வைத்தது, பலரைக் கொன்றது, மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சியை விரட்டிவிட்டு அதிகாரத்தைக் கைப்பற்றியது. அந்த நாளிதழ் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2006இல். நூற்றெட்டு ஆண்டுகள்!

அண்மையில், 2024இல், ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது என் மனத்தை மிகவும் வருத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஹைட்டியிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் ஓட்டிய வண்டி பள்ளிப் பேருந்தின்மீது மோதியதில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்திருந்தான். தேர்தல் நெருங்கியதும் அந்தச் சிறுவன் பிரசாரப் பொருளாகிவிட்டான். செப்டம்பர் 10 அன்று அவனுடைய தந்தை நகரமன்றக் கூட்டத்துக்கு வந்து, தன் மகன் பெயரை வெறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று வேண்டினார். தன் மகன் ஒரு வெள்ளைக்கார முதியவரின் வண்டியில் அடிபட்டு இறந்திருக்கக் கூடாதா, அப்படியானால் எங்களை நிம்மதியாக விட்டிருப்பார்களே என்றும் சொன்னார். பெற்ற பிள்ளையை இழந்த ஒருவர் இப்படிப் பேச நேர்ந்ததைப் படித்துவிட்டு அன்று நான் வெகுநேரம் வேறெதுவும் செய்யவில்லை. அதே நாள் இரவு நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், அந்த ஊருக்கு வந்தவர்கள் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்று டொனால்டு டிரம்ப் கூறினார். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் ஒன்றும் இல்லை என்று நகர அதிகாரிகள் மறுத்தனர். அடுத்து வந்த நாள்களில் அந்த ஊருக்கு 30க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பள்ளிகளைக் காலி செய்ய நேர்ந்தது.

நாமும் ஒருமுறை இப்படிப்பட்ட படமாக மாட்டினோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் வட மாநிலங்களில் பரவியபோது, மும்பையில் எங்கள் கட்டடக் காவலர் என்னிடம் வந்து, “உங்கள் ஊரில் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?” என்று கேட்டார். அவருடைய அண்ணன் மகன் திருப்பூரில் இருந்தான். காவல்துறை மறுப்பு வெளியிட்டு, பிகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்ற பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. எங்கோ எடுத்த காட்சியை வைத்துத் தமிழர் எல்லோரையும் அளக்கிறார்களே என்று அன்று நாம் கொதித்தோம். நம் கொதிப்பு நியாயம்தான். அந்த நியாயம் சங்கிலிப் பறித்தவனின் மாநிலத்தைத் தலைப்பில் போடும்போதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டும்.

தமிழகத் தொழிலாளர்களின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் உள்ளூர்க் கூலி உயராமல் நிற்கிறது என்றால், அந்தக் கூலியை நிர்ணயிக்கும் ஒப்பந்ததாரரிடமும் ஆலை முதலாளியிடமும் கேள்வி கேட்கலாம். மாநிலம்விட்டு மாநிலம் வந்து வேலை செய்வோருக்கு 1979ஆம் ஆண்டே தனிச் சட்டம் இயற்றப்பட்டது, அது எப்படி நடைமுறைப்படுத்தப்பட்டது என்று எழுதலாம். அப்படிப்பட்ட கட்டுரைகளை வரவேற்பேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது என்பதற்கும் மும்பையே சாட்சி. மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் பகைமையைத் தூண்டி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடு. ஒருவர் பிறந்த மாநிலம் என்பது அந்த வரிசையில் இல்லை. 1987இல் நடந்த வில்லே பார்லே இடைத்தேர்தலில் பால் தாக்கரே மதத்தின் பெயரால் பேசிய பேச்சுகளின்மீது உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது 1995 டிசம்பரில். சாந்தாகுருஸ் தொகுதியில் 1990இல் நடந்த தேர்தலிலிருந்து எழுந்த வழக்கில், வாக்காளரின் மதம், மொழி முதலியவற்றைச் சொல்லி வாக்குக் கேட்பதும் முறைகேடே என்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு சொன்னது 2017 ஜனவரி 2 அன்று. பேச்சு அன்றே வீட்டுக்கு வந்துவிடுகிறது, தீர்ப்பு வரும்போது கேட்டவர்களில் பாதிப்பேர் உயிரோடு இருப்பதில்லை.

தங்கள் நாளிதழ் குற்றச் செய்தியின் தலைப்பில் ஒருவருடைய சாதியையோ மதத்தையோ போடுவதில்லை. பத்திரிகையாளர்களுக்கான பிரஸ் கவுன்சில் நெறிமுறைகளும், இழிவு சேரும் இடத்தில் சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டை மாநிலத்துக்கும் விரிவாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். தப்பியோடியவரை அடையாளம் காண ஊர் தேவைப்பட்டால் செய்திக்குள் எழுதுங்கள்; தலைப்பில் வேண்டாம். மும்பையில் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கும் நாங்கள் அத்தனை பேரும் இந்த ஊருக்கு வெளிமாநிலத்தார் என்பதையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். கடந்த ஓராண்டில் தங்கள் இதழில் வந்த கைதுச் செய்திகளை எடுத்து, தலைப்பில் மாநிலம் குறிக்கப்பட்டவை எத்தனை, குறிக்கப்படாதவை எத்தனை என்று எண்ணி, அந்தக் கணக்கைத் தேர்தலுக்கு முன்பாக வெளியிட வேண்டும். அதற்கு ஆள் போதவில்லை என்றால், ஓராண்டு இதழ்கள் என் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். நானே எண்ணி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சயான், மும்பை.