சென்னைப் போக்குவரத்துக் காவல்துறைக்கு: வண்டியை நிறுத்துங்கள், சாவியைப் பிடுங்காதீர்கள்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

மோட்டார் வாகன வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். வாகனச் சோதனையே கூடாது என்பது எங்கள் கட்சியல்ல. அரசமைப்பின் 19(1)(டி) தரும் நடமாடும் உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(5) இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்திலிருந்து வர வேண்டும். அண்ணா சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ பேரிகேட் அருகே நிற்கும் காவலருக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தை அவர் போட்டிருக்கும் சீருடை கொடுத்துவிடாது.

முதலில் சாவி. வண்டி ஊர்ந்து வரும்போதே கையை விட்டுச் சாவியை உருவ எந்தப் பிரிவும் அனுமதிக்கவில்லை. இன்ஜின் சட்டென அணைந்து, பின்னால் பஸ் வரும் சாலையில் ஸ்கூட்டர் தடுமாறும். நிற்காமல் போனவரைத் துரத்துவது இதைவிட ஆபத்து. 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காத பைக்கை அதிகாரி ஒருவர் துரத்திச் சென்றதில் ஒரு பெண்ணின் உயிரே போனது. நம்பரைக் குறித்து சலான் அனுப்பியிருந்தால் போதும்.

லைசென்ஸைக் கேட்க, 130வது பிரிவின்படி, சீருடையில் உள்ள எந்தக் காவலருக்கும் உரிமை உண்டு. ஓட்டுநர் காட்டத்தான் வேண்டும். அரசுச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினாலும் செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139இல் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தின் அசலைக் கேட்கக் கூடாது. இது இன்னும் எல்லாக் காவலர்களுக்கும் போய்ச் சேரவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் சட்டத்தின் 206(3)இன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை, அல்லது சீட்டில் தேதி குறித்திருந்தால் அதுவரை, அந்தச் சீட்டை வைத்தே ஓட்டலாம்; ஹெல்மெட் இல்லாதது, குடித்து ஓட்டியது போன்றவற்றுக்காக 206(4)இன் கீழ் வாங்கினால் மட்டும் அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது. லைசென்ஸ், ஆர்சி, பெர்மிட் இல்லாவிட்டால் 207இன் கீழ் வண்டியைப் பிடிக்கலாம். ஹெல்மெட் இல்லை என்பதற்காகப் பிடிக்க அதில் இடமில்லை.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது, ஊதச் சொல்லும் சோதனை. குடித்துவிட்டு ஓட்டுபவர் மேல் எங்களுக்கும் இரக்கமில்லை. ஆனால் 203வது பிரிவு, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்கிறது. வரிசையில் வரும் அத்தனை பேர் வாயிலும் கருவியை நீட்டுவதை இந்த வாசகம் தாங்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான். தடுமாறும் ஓட்டம், வாடை, குழறும் பேச்சு என்று காரணம் எதுவோ, அதைக் காவலர் ஒரு வரி எழுதி வைக்கட்டும். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவும் அது உதவும்.

சட்டப்படி வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். மவுத்வாஷோ இருமல் சிரப்போ வாயில் தங்கியிருந்தாலே அளவு எகிறிவிடும். வாயிலுள்ள ஆல்கஹால் கலைய ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். ஆகவே வரம்பைத் தாண்டினால் 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் புது ஊதுகுழல் மாட்டி, அதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுவதை ஓட்டுநரும் பார்க்கட்டும். கைது செய்தால் 202இன்படி 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லை என்பது இந்தக் கெடுவை நீட்டாது. பேரிகேட் போடும்போதே அதற்கான வண்டியையும் நிறுத்தி வையுங்கள்.

டிக்கியைத் திறக்கச் சொல்வது வேறு சங்கதி. விசாரணைக்காகச் சோதனையிடுவதென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 185இன்படி காரணத்தை எழுத வேண்டும். 105இன்படி ஒளிப்பதிவும் செய்ய வேண்டும்.

இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு சோதனைக் குழுவுக்கும் கொடுங்கள். அதே பக்கத்தைப் பேரிகேடிலும் ஒட்டுங்கள். நிறுத்தப்படும் ஓட்டுநரும் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மோட்டார் வாகன வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர், சென்னை