பத்தாவது ஜன்னல்

அன்புள்ள மகளுக்கு,

'இறுதிநிலை' என்ற சொல் வந்தாலே புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய். மூடாதே. இன்னும் ஒன்று கூடினால் எவ்வளவு மாறும் என்பதுதான் இறுதிநிலை. சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு இங்கிலாந்தின் ஜன்னல் வரியைப் பார்.

1696-இல் வந்த வரி அது. வருமானத்தைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். ஜன்னலை வெளியில் நின்றே எண்ணிவிடலாம். 1747-இல் விகிதத்தை மாற்றினார்கள். 9 ஜன்னல் வரை ஜன்னலுக்கு வரி கிடையாது. 10 முதல் 14 வரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ், 15 முதல் 19 வரை 9 பென்ஸ், 20 ஆகிவிட்டால் 12 பென்ஸ். வில்லங்கம் எங்கே என்றால், கோட்டைத் தாண்டியதும் வீட்டிலுள்ள எல்லா ஜன்னலுக்கும் அந்த விகிதம்தான். 9 ஜன்னல் வைத்திருப்பவர் இன்னொன்று வைத்தால் 60 பென்ஸ். சராசரி 6தான்; ஆனால் பத்தாவது ஜன்னலுக்கு மட்டும் 60! பதினைந்தாவதையும் போட்டுப் பார்: 84 பென்ஸ் 135 ஆகும், ஆக அந்த ஒன்றின் விலை 51.

அதனால் 9, 14, 19 ஜன்னலோடு நின்ற வீடுகள் பெருகின. இருந்ததையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த ஜன்னலால் அரசுக்கும் காசு வரவில்லை, வீட்டுக்கும் வெளிச்சம் இல்லை. யார் கைக்கும் போகாத இந்த நட்டத்தைத்தான் பாடத்தில் முக்கோணமாக வரைகிறார்கள். 1851 வரை இந்த வரி நீடித்தது.

வருமான வரி அடுக்குகள் பொதுவாக இப்படி இல்லை. கோட்டுக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டுமே உயர்ந்த விகிதம். சம்பளம் கூடினால் கையில் வருவது குறைந்துவிடும் என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். வருமான வரம்பு வைத்துத் தரும் உதவித்தொகைதான் உண்மையில் ஜன்னல் வரியின் வாரிசு: வரம்பை ஒரு காசு தாண்டினாலும் முழுத்தொகையும் போய்விடும். படிப்படியாகக் குறைத்தால் இந்தப் பள்ளம் இராது.

சொந்த முடிவுகளிலும் இதே கணக்குதான். பாதியில் சலித்த பயிற்சிக்குக் கட்டிய பணம் திரும்பாது. தொடர்ந்தாலும் விட்டாலும் போனது போனதுதான். அடுத்த மாதத்து மணி நேரங்கள் என்ன தரும், அவற்றை வேறெதற்குச் செலவிடலாம் என்பதை மட்டும் பார்.

இனி ஒரு கணக்கு. தேவை, அதாவது வாங்க நினைக்கும் அளவு, 100 − 2வி; அளிப்பு, அதாவது விற்க நினைக்கும் அளவு, 3வி. 'வி' என்பது விலை. இரண்டும் சமமாகும் இடத்தில் விலை 20, அளவு 60 என்று வரும். விற்பவரிடம் அலகுக்கு 5 வரி வாங்கினால் அளிப்பு 3(வி − 5) ஆகும். விலை 23, அளவு 54. விற்பவர் கையில் நிற்பது 18. ஆக வாங்குபவர் தலையில் 3, விற்பவர் தலையில் 2. பலரும் இங்கே தேவைக் கோட்டையும் சேர்த்து நகர்த்திவிடுவார்கள். கூடாது, வாங்குபவர் அதே கோட்டின் மேல்தான் நகர்கிறார்.

இப்போது அதே 5-ஐ வாங்குபவரே அரசுக்குக் கட்டுவதாக வைத்து, தேவைக் கோட்டை மட்டும் மாற்றிப் போடு. யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா