அட்வான்ஸ் கொடுக்கும் முன்: விநாயகர் சதுர்த்தி விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தெருத்தெருவாகப் பிள்ளையார் வைக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கரைக்கும் நாளன்று உங்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறைய உண்டு. சிலையை வாங்கி, கும்பிட்டு, லாரியில் ஏற்றிய பிறகு சொல்லி என்ன பயன்? அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதமே விதி வகுத்துவிட்டது. 2023-இல் இந்தச் சிலைகளை விற்பது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கும் விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரி, சட்டம் கிடக்கட்டும், பூஜையைப் பேசுவோம். வீட்டில் வைக்கும் களிமண் பிள்ளையார், குன்றிமணிக் கண்ணும் எருக்கம்பூ மாலையுமாக வந்து, கிணற்றிலோ வாளியிலோ முழுசாகக் கரைந்துவிடுகிறார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கிச் செய்யும் மாவு. தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். ஜிப்சமோ ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2.5 கிராமுக்கு மேல் கரையாது. அப்புறம் எங்கே விசர்ஜனம்? முந்தின நாள் கற்பூரம் காட்டிய சாமியின் கையும் துதிக்கையும் மறுநாள் கரையில் கிடக்கின்றன; பொக்லைன் வந்து அள்ளுகிறது.

"எங்களுடையது காகிதக்கூழ்" என்று சிலர் சொல்வீர்கள். நல்லதுதான். கிழங்கு மாவு கலந்த அந்தக் கூழ் ஊறிக் கரைந்துவிடும். ஆனால் மேலே பளபளக்கும் எனாமல் பெயின்ட்? ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்த வண்ணங்களும் இருக்கின்றன. கடலிலேயே அது நல்லதல்ல. தேங்கிய ஏரியிலும் கண்மாயிலும் கரைத்தால், அவை வண்டலில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறோம், மாடும் குடிக்கிறது.

பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்துத் தெரு 9 அடி என்றால் நமக்கு 10 என்று கிளம்பும் போட்டிக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மஞ்சளைப் பிடித்து வைத்தாலே வந்து உட்காருகிற சாமி அவர்! பெரிய உருவம் வேண்டும்தான் என்றால் மரத்திலோ கல்லிலோ ஒன்று செய்து, ஆண்டுதோறும் அதையே பந்தலில் வையுங்கள். பூஜைக்கும் கரைக்கவும் ஒரு முழக் களிமண் பிள்ளையார் போதும். மேளமும் ஊர்வலமும் அப்படியே இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தை அன்னதானத்தில் போடலாம். மதுரை விளாச்சேரியிலும் சென்னை கொசப்பேட்டையிலும் மண் பிசையத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. முன்கூட்டியே சொன்னால்தான் அவர்களுக்கு மண் எடுக்கவும் காயவைக்கவும் நேரம் இருக்கும்.

தெர்மாகோல் அலங்காரம், பிளாஸ்டிக் மாலை இவற்றையெல்லாம் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதில் 'களிமண், நீரில் கரையும் வண்ணம்' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். நன்கொடை நோட்டோடு வீட்டுக்கு வரும்போது அந்த ரசீதையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத்தான் தொகை எழுதுவேன்.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் நன்கொடை தருபவர்களில் ஒருவன்